தச்சரும் வான சாஸ்திரியும்

கல்லூரி ஆண்டு விழாக்களிலும் கோயில் திருவிழாப் பந்தல்களிலும் அடிக்கடி நடக்கும் ஒரு வழக்கு உண்டு. "வாழ்க்கைக்குப் பெரிதும் வேண்டுவது அறிவா, திறமையா?" என்பது வழக்கின் தலைப்பு. ஒரு கட்சியார் எழுந்து, "புத்திமான் பலவான்" என்பார்கள். எதிர்க் கட்சியார் எழுந்து, "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது" என்பார்கள். இரண்டும் பழமொழிகளே, இரண்டுக்கும் சபையில் கைதட்டல் கிடைக்கும். கடைசியில் நடுவர் எழுந்து, "வண்டிக்கு இரண்டு சக்கரமும் வேண்டும்" என்று சொல்லிவிட்டு, மாலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

இந்தத் தீர்ப்பில் எனக்கு ஒரு நாளும் திருப்தி ஏற்பட்டதில்லை. வண்டிக்கு இரண்டு சக்கரம் வேண்டும் என்பது வாஸ்தவந்தான். ஆனால் ஒரு சக்கரத்தைக் கூடத்தில் வைத்துப் பொட்டிட்டுப் பூஜை செய்கிறோம். மற்றொரு சக்கரத்தை மாட்டுக் கொட்டகையில் போட்டிருக்கிறோம். பையன் கணக்குப் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கினால் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அதே பையன், நின்றுபோன சுவர்க் கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்து மறுபடியும் ஓட வைத்தால், "படிக்கிற வேளையில் என்னடா வேண்டாத வேலை?" என்று அதட்டுகிறோம். இந்த ஓரவஞ்சனைக்கு நடுவர் என்ன சொல்கிறார்? ஒன்றும் சொல்வதில்லை.

சரித்திரத்தில் இந்த வழக்கு ஒரு தடவை உண்மையாகவே நடந்திருக்கிறது. வாதி ஒரு தச்சர். எதிரில் இருந்தவர்கள் இங்கிலாந்தின் மிகப் பெரிய வான சாஸ்திரிகள். பந்தயப் பணம் 20,000 பவுன். வழக்கு நடந்த காலம் ஏறக்குறைய நாற்பது வருஷம். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். இப்படி ஒரு கதையை நானே கற்பனை செய்து எழுதியிருந்தால், "நம்பும்படியாக இல்லையே, ஸார்!" என்று பத்திரிகாசிரியர் திருப்பி அனுப்பியிருப்பார்.

கண்ணுக்குத் தெரியாத கோடு

1707-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில், ஸர் கிளௌடெஸ்லி ஷவெல் என்ற ஆங்கிலக் கடற்படைத் தளபதி, மத்தியதரைக் கடலில் யுத்தம் செய்துவிட்டு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். மழையும் மூட்டமுமான பருவம். தாங்கள் எங்கே இருக்கிறோம் என்று மாலுமிகள் போட்ட கணக்கு தப்பாகப் போய்விட்டது. இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் இருக்கும் ஸில்லி தீவுகளின் பாறைகளில் கப்பல்கள் மோதின. நான்கு கப்பல்கள் முழுகின. 1,400-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தளபதியும் அவர்களில் ஒருவர். எதிரியின் பீரங்கிக்குத் தப்பியவர்களைச் சொந்த வீட்டு வாசற்படி கொன்றுவிட்டது.

கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள இரண்டு கோடுகள் வேண்டும். ஒன்று அட்சரேகை, மற்றொன்று தீர்க்கரேகை. அட்சரேகையைக் கண்டுபிடிப்பது சிரமமான காரியம் அல்ல. நடுப் பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று அளந்தால் போதும். தீர்க்கரேகைதான் ஆளை ஏய்க்கும்.

அதன் சூட்சுமம் இவ்வளவுதான்: பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அப்படியானால் ஒரு மணிக்கு 15 பாகை. நாலு நிமிஷத்துக்கு ஒரு பாகை. கப்பலில் உச்சிப் பொழுது ஆகும்போது, புறப்பட்ட துறைமுகத்தில் மணி என்ன என்று தெரிந்துவிட்டால், இரண்டு நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொண்டு கப்பல் எத்தனை பாகை தள்ளி வந்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். பள்ளிக்கூடப் பையன்கூடப் போட்டுவிடக்கூடிய கணக்கு. ஆனால் நடுக்கடலில் இருந்துகொண்டு ஊரில் மணி என்ன என்று எப்படித் தெரிந்துகொள்வது? அந்தக் காலத்தில் கம்பியும் இல்லை, கம்பியில்லாத் தந்தியும் இல்லை.

வழி இரண்டு இருந்தது. நல்ல கடிகாரம் ஒன்றை ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்துக் கூடவே எடுத்துச் செல்லலாம். அல்லது வானத்தையே கடிகாரமாக வைத்துக்கொள்ளலாம். சந்திரன் நட்சத்திரங்களுக்கு நடுவில் கடிகார முள்ளைப் போல நகர்ந்துகொண்டிருக்கிறது. இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன நட்சத்திரத்திலிருந்து சந்திரன் இவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சிட்டுக் கொடுத்துவிட்டால், மாலுமி அந்தத் தூரத்தை அளந்து பார்த்து ஊர் நேரத்தைச் சொல்லிவிடலாம். முதல் வழி கையின் வழி. இரண்டாவது வழி ஏட்டின் வழி.

1714-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு ஒரு சட்டம் செய்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்குச் செல்லும் பிரயாணத்தில் அரைப் பாகைக்குள் தீர்க்கரேகையைச் சொல்லும் முறை யார் கண்டுபிடித்தாலும் அவருக்கு 20,000 பவுன் பரிசு. விஷயத்தைப் பற்றி யோசனை கேட்கப்பட்டவர் சாமானியமானவர் அல்ல; ஸர் ஐஸக் நியூட்டன்! கடிகாரத்தினால் முடியலாம் என்று தத்துவத்தை ஒப்புக்கொண்டார் நியூட்டன். ஆனால் கப்பலின் ஆட்டம், வெயில், குளிர், ஈரம், வறட்சி, இடத்துக்கு இடம் மாறும் புவி ஈர்ப்பு இவ்வளவையும் தாங்கிச் சரியாக ஓடும் கடிகாரம் இதுவரை செய்யப்படவில்லை என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பே கிடையாது. ஆனால் நியூட்டன் வாயிலிருந்து "இதுவரை இல்லை" என்று வந்தால், கேட்டுக்கொண்டிருந்த பெரிய மனிதர்களின் காதில் அது "ஒரு நாளும் இல்லை" என்றுதானே விழும்?

மரக் கடிகாரம் செய்த மனிதர்

ஜான் ஹாரிசன் 1693-இல் யார்க்ஷயர் ஜில்லாவில் பிறந்தார். தகப்பனார் தச்சு வேலைக்காரர். குடும்பம் பிறகு லிங்கன்ஷயரில் பாரோ என்னும் கிராமத்துக்குக் குடியேறியது. கல்லூரி வாசலை ஹாரிசன் மிதித்ததில்லை. கடிகார வேலை கற்றுக்கொடுக்கக் குரு ஒருவரும் இல்லை. இருபது வயதுக்குள் தாமாகவே ஒரு கடிகாரம் செய்தார். சக்கரங்கள் எல்லாம் மரம்! தச்சர் அல்லவா? தெரிந்த சாமானைக் கொண்டுதானே தெரியாத வேலையைத் தொடங்க வேண்டும்?

அடுத்தபடியாக ஒரு பிரபுவின் லாயத்துக்கு மணிக்கூண்டுக் கடிகாரம் செய்யச் சொன்னார்கள். அந்தக் காலத்தில் கடிகாரங்களைக் கெடுத்த பெரிய சத்துரு எது என்றால், எண்ணெய்தான். குளிரில் உறையும், வெயிலில் இளகும், நாளாக ஆகப் பிசினாகிவிடும். நல்ல எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று மற்றவர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஹாரிசன் எண்ணெயே வேண்டாத கடிகாரத்தைச் செய்தார்! உராயும் இடங்களில், தன்னுள்ளேயே நெய்ப் பசை உள்ள ஒரு வெப்ப நாட்டு மரத்தை வைத்தார். ஏறக்குறைய முந்நூறு வருஷத்துக்குப் பிறகும் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்ன மரம் இப்படி நடந்துகொள்ளும் என்பதை எந்த நூலில் படித்தார்? உளியின் முனையில் படித்தார்.

அடுத்த எதிரி உஷ்ணம். வெயில் காலத்தில் உலோகம் நீளும். ஊசல் நீண்டால் கடிகாரம் மெதுவாக ஓடும். பித்தளையும் எஃகும் வெவ்வேறு அளவில் நீளுகின்றன என்பதை அவர் கவனித்தார். இரண்டு உலோகங்களின் கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, ஒன்று கீழே நீளும்போது மற்றொன்று மேலே தூக்கும்படி ஓர் ஊசல் செய்தார். அந்தக் கிராமத்துத் தச்சரின் கடிகாரம் மாதத்துக்கு ஒரு விநாடிதான் பிசகியது. லண்டன் மாநகரத்துப் பெரிய கடிகாரக் கடைகளில்கூட அப்படி ஒன்று கிடையாது.

1730-ஐ ஒட்டி அவர் லண்டனுக்கு வந்து, கிரீன்விச் வான சாஸ்திரி எட்மண்ட் ஹாலியைச் சந்தித்தார். வால் நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலிதான். அவர் ஜார்ஜ் கிரஹாம் என்ற புகழ் பெற்ற கடிகாரக்காரரிடம் இவரை அனுப்பினார். காலை பத்து மணிக்குத் தொடங்கிய பேச்சு இரவு எட்டு மணிக்கு முடிந்தது. முடிவில் கிரஹாம் தம் கைப் பணத்தையே வட்டியில்லாமல் கடன் கொடுத்து அனுப்பினார். தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனை அடையாளம் கண்டுகொள்ள ஒரு பகல் பொழுது போதுமாயிருந்தது. சபைக்கு நாற்பது வருஷம் போதவில்லை.

ஹாரிசனின் முதல் கப்பல் கடிகாரம் 1735-இல் முடிந்தது. எடை 34 கிலோ. மறு வருஷம் அதை லிஸ்பனுக்குக் கப்பலில் கொண்டுபோனார்கள். திரும்பி வரும்போது கரை தென்பட்டது. மாலுமிகள் ஒரு முனையைச் சொன்னார்கள். "இல்லை, அது லிஸர்ட் முனை" என்றார் ஹாரிசன். தச்சர் சொன்னதே சரியாயிருந்தது. தீர்க்கரேகைக் குழு கூடிப் பாராட்டியது. அந்த இடத்தில் வேறொருவராயிருந்தால், "பரிசைக் கொடுங்கள்" என்று கேட்டிருப்பார். ஹாரிசனோ தம் கடிகாரத்தின் குறைகளைத் தாமே எடுத்துச் சொல்லி, "இன்னும் நன்றாகச் செய்கிறேன், கொஞ்சம் பணம் கொடுங்கள்" என்றார்.

இரண்டாவது கடிகாரம் செய்தார். அவருக்கே திருப்தி இல்லை. மூன்றாவதற்குப் பத்தொன்பது வருஷம் செலவிட்டார். ஒரு மனிதனுடைய நல்ல வயதெல்லாம் அதிலே போயிற்று. 1759-இல் நான்காவது முடிந்தபோது அவருக்கு வயது 66. முந்திய மூன்றும் மேஜையை அடைத்துக்கொள்ளும் யந்திரங்கள். இதுவோ ஒரு பெரிய சட்டைப்பைக் கடிகாரம். குறுக்களவு 13 சென்டிமீட்டர். பெரிதாகச் செய்தால்தான் நிதானம் வரும் என்று முப்பது வருஷம் நினைத்திருந்தவர், சிறிதாக இருந்து வேகமாகத் துடித்தால் கப்பலின் ஆட்டம் ஒன்றும் செய்யாது என்று கண்டுகொண்டு, பழைய பாதையையே விட்டுவிட்டார். கை மட்டும் உள்ளவனால் இப்படிச் செய்ய முடியுமா? யோசித்துப் பாருங்கள்.

நீதிபதியே எதிர்க் கட்சி

1761 நவம்பரில் ஹாரிசனின் மகன் வில்லியம் அந்தக் கடிகாரத்துடன் ஜமைக்காவுக்குக் கப்பல் ஏறினான். கப்பலில் பீர் தீர்ந்துபோய் மாலுமிகள் தவித்துக்கொண்டிருந்தார்கள். மதீரா தீவு நாளைக் காலையில் தெரியும் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னான் வில்லியம். கப்பல் தலைவருக்கு நம்பிக்கையில்லை. மறுநாள் காலையில் தீவு தெரிந்தது. அந்தக் கப்பலில் கடிகார சாஸ்திரத்துக்கு அன்றைக்கு எவ்வளவு பக்தர்கள் ஏற்பட்டிருப்பார்கள் என்பதை வாசகர்களின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன். ஜமைக்கா போய்ச் சேர்ந்து, கடிகாரத்தின் தினசரி நடைக்கணக்கைக் கழித்துப் பார்த்ததில், 81 நாளில் பிசகு சுமார் 5 விநாடி! சட்டம் அனுமதித்ததோ 2 நிமிஷம்.

குழு ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பிரயாணத்தில் சரியாயிருந்தது அதிர்ஷ்டமாயிருக்கலாம். ஜமைக்காவின் தீர்க்கரேகையே நிச்சயமாகத் தெரியாது. மறுபடியும் சோதிக்க வேண்டும் என்றார்கள். 1764-இல் பார்படோஸ் தீவுக்குப் பிரயாணம். கடிகாரத்தின் பிசகு 39 விநாடி. பரிசுக்கு வேண்டியதைப் போல மூன்று மடங்கு நிதானம்.

இந்த இடத்தில்தான் கதையின் இரண்டாவது முக்கிய பாத்திரம் வருகிறார். பார்படோஸின் தீர்க்கரேகையை வானத்தைப் பார்த்து நிர்ணயிக்க முன்கூட்டி அனுப்பப்பட்டிருந்தவர் நெவில் மாஸ்கலின் என்ற பாதிரியார். கேம்பிரிட்ஜில் படித்த கணித வல்லுநர். சந்திரன் முறையின் முதல் பக்தர். அந்த முறையை விளக்கி 1763-இல் மாலுமிகளுக்கு ஒரு நூலும் வெளியிட்டிருந்தார். அவருடைய குடும்பத்துக்கும் நம் சென்னைக்கும் ஓர் ஒட்டு உண்டு. அவருடைய சகோதரி மார்கரெட்தான் ராபர்ட் கிளைவின் மனைவி. 1753 பிப்ரவரியில் அவர்களுடைய கல்யாணம் நடந்தது சென்னைக் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் மாதா கோயிலில்.

ஒரு முறையின் பக்தர், எதிர் முறைக்குப் பரீட்சை அதிகாரியாக வரலாமா என்று வில்லியம் ஆட்சேபித்தான். ஆட்சேபித்து என்ன பயன்? 1765-இல் மாஸ்கலின் கிரீன்விச் அரசாங்க வான சாஸ்திரி ஆனார். அந்தப் பதவியில் இருப்பவர் தீர்க்கரேகைக் குழுவிலும் அங்கத்தினர். பரீட்சை அதிகாரி நீதிபதியாகவும் ஆகிவிட்டார்!

அதே வருஷம் புதுச் சட்டம் வந்தது. கடிகாரத்தைப் பிரித்துக் காட்டி ரகசியத்தைச் சொன்னால் பரிசில் பாதி. அதைப் பார்த்து வேறு கடிகாரங்களும் செய்ய முடியும் என்று நிரூபித்தால் மீதிப் பாதி. எழுபத்திரண்டு வயதுக் கிழவர் ஆறு பேர் கொண்ட குழுவின் முன்னால் தம் வாழ்நாள் உழைப்பைத் திருகு திருகாகக் கழற்றிக் காட்டினார். பாதிப் பணம் வந்தது. பிறகு கடிகாரத்தையே எடுத்துக்கொண்டு போனார்கள். 1766-இல் மாஸ்கலின் உத்தரவுக் காகிதத்துடன் ஹாரிசன் வீட்டுக்கு வந்து பழைய மூன்று யந்திரங்களையும் கேட்டார். இறக்கும்போது வேலையாட்கள் முதலாவதைக் கீழே போட்டுவிட்டார்கள். மற்ற இரண்டும் கல் பாவிய தெருக்களில் வண்டியில் குலுங்கிக் குலுங்கிப் போயின. நான்காவது கடிகாரத்தைக் கிரீன்விச்சில் பத்து மாதம் சோதித்த மாஸ்கலின், மேற்கிந்தியப் பிரயாணத்துக்கு இதை நம்பியிருக்க முடியாது என்று அறிக்கை எழுதினார்.

கடைசியில் விஷயம் மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் போயிற்று. அவருக்கு விஞ்ஞானத்தில் ருசி உண்டு. 1772-இல் ஹாரிசனின் ஐந்தாவது கடிகாரத்தைத் தம்முடைய சொந்த வான ஆராய்ச்சிக் கூடத்தில் வைத்துப் பத்து வாரம் சோதிக்கச் செய்தார். ஒரு நாளைக்கு மூன்றில் ஒரு விநாடிக்குள்தான் பிசகு. மறு வருஷம் பார்லிமெண்டு ஹாரிசனுக்கு 8,750 பவுன் வழங்கியது. அது பார்லிமெண்டின் கருணை. குழுவின் பரிசு அல்ல. அந்தப் பரிசைக் குழு முழுதாக யாருக்கும் கொடுக்கவேயில்லை. 1776 மார்ச் 24-இல் ஹாரிசன் காலமானார்.

மாஸ்கலின் பக்கத்து நியாயம்

இவ்வளவு தூரம் படித்தவர்கள் மாஸ்கலினை ஒரு வில்லனாகத் தீர்மானித்திருப்பார்கள். நாடகத்துக்கு அது சௌகரியமாயிருக்கும். சரித்திரத்துக்கு அது சரிப்படாது.

மாஸ்கலின் என்ன செய்தார் என்று பார்ப்போம். ஜெர்மனியில் கோட்டிங்கன் நகரத்து டோபியாஸ் மேயர் சந்திரனுடைய நடையைக் கணக்கிட்டு அட்டவணை போட்டிருந்தார். அதை ஆதாரமாகக் கொண்டு, 1767-ஆம் வருஷம் தொடங்கி, மாலுமிகளுக்கு ஒரு கடற் பஞ்சாங்கம் வெளியிட்டார் மாஸ்கலின். முன்பு ஒரு தடவை தீர்க்கரேகை கணக்கிட நாலு மணி நேரம் பிடித்தது. பஞ்சாங்கம் வந்த பிறகு அரை மணி நேரம் போதும். இதற்காக ஊரூராகக் கணக்குப் போடுகிறவர்களை நியமித்து, ஒருவர் போட்டதை இன்னொருவர் சரிபார்க்கும்படி ஏற்பாடு செய்தார். அவர்களில் ஒருவர் லட்லோ என்ற ஊரில் இருந்த பாதிரியாரின் மனைவி மேரி எட்வர்ட்ஸ். கணவர் பெயரில் வேலை நடந்தது. கணக்குப் போட்டது மனைவி. கணவர் இறந்ததும் உண்மை வெளிப்பட்டது. மாஸ்கலின் மறுப்புச் சொல்லாமல் அந்த அம்மாளின் பெயரிலேயே வேலையைத் தொடர்ந்து கொடுத்தார். இப்படிப்பட்டவரைக் கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவருடைய வாதத்திலும் சாரம் இருந்தது. ஹாரிசனின் கடிகாரம் ஒன்றே ஒன்று. அதைச் செய்ய ஒரு மனிதரின் ஆயுள் தேவைப்பட்டது. அவர் போய்விட்டால் இன்னொன்று யார் செய்வது? லார்கம் கெண்டால் என்ற கெட்டிக்காரத் தொழிலாளி அதைப் பார்த்து அப்படியே ஒரு நகல் செய்தார். சம்பளம் 500 பவுன் வரை ஆயிற்று. கப்பல்கள் எல்லாவற்றுக்கும் இப்படி ஒன்று வாங்கக் கட்டுபடி ஆகுமா? பஞ்சாங்கமோ சில ஷில்லிங்கில் கிடைக்கும். சந்திரன் இனாம்.

காப்டன் குக் 1772-இல் புறப்பட்ட தம் இரண்டாவது உலகப் பிரயாணத்தில் கெண்டால் செய்த நகலை எடுத்துச் சென்றார். பனிக் கடலிலும் வெயில் கடலிலும் மூன்று வருஷம் அலைந்து 1775-இல் திரும்பியபோது, கடிகாரத்தைத் தமக்கு வாய்த்த உண்மையான வழிகாட்டி என்று பாராட்டினார். ஆனால் அதே கப்பலில் மாஸ்கலினின் பஞ்சாங்கமும் இருந்தது. சந்திரனை அளக்க ஒரு வான சாஸ்திரியும் இருந்தார். குக் இரண்டையும் வைத்து ஒன்றை ஒன்று சரிபார்த்துக்கொண்டார். கடலில் உயிரைப் பணயம் வைக்கிறவனுக்குக் கட்சி கிடையாது.

பிறகு அர்னால்ட், எர்ன்ஷா என்ற இருவர் உள்ளமைப்பைச் சுருக்கி, பல கைகள் பகிர்ந்து செய்யக்கூடிய கப்பல் கடிகாரங்களைக் கொண்டுவந்தார்கள். விலை இறங்கியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடிகாரம் வென்றது. சந்திரன் முறை மெல்ல மறைந்தது. ஆனாலும் அந்தக் கடிகாரங்களை எந்த ஊர் நேரத்துக்குத் திருப்பி வைத்தார்கள்? கிரீன்விச் நேரத்துக்கு! மாஸ்கலினின் பஞ்சாங்கம் கிரீன்விச்சை ஆதாரமாகக் கொண்டிருந்ததும் உலகம் பிற்பாடு கிரீன்விச்சைப் பூஜ்யக் கோடாக ஏற்க ஒரு காரணம். துறைமுகங்களின் சரியான தீர்க்கரேகை தெரிந்தால்தான் கடிகாரத்தைச் சோதிக்கவே முடியும். அதற்கு வான சாஸ்திரி வேண்டும். நம் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கம்பெனியார் வான ஆராய்ச்சி நிலையம் கட்டியதில் கடற் பிரயாணத்துக்கு உதவுவதும் ஒரு நோக்கம். அங்கே நட்ட கருங்கல் தூணில் தமிழிலும் எழுத்து உண்டு. அங்கே கணித்த சென்னை நேரத்தை வைத்துக்கொண்டுதான், 1906-இல் இந்திய நேரம் வரும் வரையில் இந்நாட்டு ரயில்கள் ஓடின.

பேனாக் கட்சிக்காரன் சாட்சி

அப்படியானால் நானும் இரண்டு சக்கர நடுவராகிவிட்டேனா? இல்லை.

முதலாவது, ஹாரிசனை வெறும் கைத்திறமைக்காரர் என்று சொல்வதே தவறு. இளமையில் ஒரு பாதிரியார் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸாண்டர்ஸனின் சொற்பொழிவுப் பிரதி ஒன்றை அவருக்கு இரவல் கொடுத்தார். ஹாரிசன் அதைப் படங்களுடன் முழுவதும் தம் கைப்பட நகல் எடுத்து வைத்துக்கொண்டார். அந்தப் பேராசிரியர் கண் பார்வை இல்லாதவர் என்பது ஓர் அதிசயம். கண்ணில்லாதவருடைய அறிவு ஒரு தச்சருடைய கைக்கு வந்து சேர்ந்தது. பித்தளையும் எஃகும் நீளுவதைப் பார்த்த தச்சர்கள் ஆயிரம் பேர் இருந்திருப்பார்கள். ஒன்றை ஒன்றுக்கு எதிராகப் பூட்டலாம் என்று எண்ணியது அறிவின் வேலை. அந்த அறிவு விரல் நுனியில் குடியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இரண்டாவது, ஏட்டறிவுக்கு உள்ள ஒரு பெரிய பலம், அது கைமாறும். அச்சிட்டு ஆயிரம் பேருக்குக் கொடுக்கலாம். கையறிவோ கையோடு போய்விடும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் வரும். ஹாரிசனுக்கு இந்தக் குறை நிறைய இருந்தது. 1775-இல் தம் கொள்கைகளை விளக்கி அவர் ஒரு நூல் வெளியிட்டார். வாக்கியங்கள் முடிவே இல்லாமல் நீண்டு, ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக்கொண்டு, படிப்பவர்களைத் திணற அடித்தன. நூறு நாளில் ஒரு விநாடிக்குமேல் பிசகாத ஊசல் கடிகாரம் செய்ய முடியும் என்று அதிலே எழுதியிருந்தார். கிழவருக்குச் சித்தப் பிரமை என்று கேலி செய்தார்கள்.

கேலி இரண்டு நூற்றாண்டுக்கு மேல் நிலைத்தது. பிறகு மார்ட்டின் பர்ஜஸ் என்ற கலைஞர் ஹாரிசனின் கொள்கைப்படி ஒரு கடிகாரம் செய்யத் தொடங்கினார்; வேறு கைகள் அதை முடித்தன. கிரீன்விச்சில், மாஸ்கலின் வேலை பார்த்த அதே இடத்தில், அதை முத்திரையிட்டு நூறு நாள் ஓடவிட்டார்கள். 2015-இல் முடிவு வெளியாயிற்று. நூறு நாளில் பிசகு எட்டில் ஐந்து பங்கு விநாடி! 240 வருஷமாகத் தச்சர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. அதற்குள், 2006-இல், வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலும் அவருக்கு ஒரு நினைவுக் கல் வைத்துவிட்டார்கள்.

ஆகவே என் சாட்சியம் இதுதான். இதுவரை உலகத்தில் இல்லாத ஒரு பொருளைக் கொண்டுவருவதில் கை முந்துகிறது. வந்த பொருளை எல்லோருக்கும் உரியதாக்குவதில் ஏடு முந்துகிறது. இதில் தகராறு இல்லை. தகராறு எங்கே வருகிறது என்றால், நீதிபதி நாற்காலியில். அந்த நாற்காலியில் எப்போதும் ஏட்டுக் கட்சியாரே உட்காருகிறார்கள். அவர்கள் அயோக்கியர்கள் அல்லர். மாஸ்கலினைப் போல யோக்கியர்களாகவே இருக்கலாம். ஆனால் பேசத் தெரிந்தவன் பேச்சுத்தான் அவர்கள் காதில் விழும். எழுதத் தெரியாதவனுடைய அறிவு அவர்களுக்கு அறிவாகத் தோன்றாது. நானும் பேனாக் கட்சியைச் சேர்ந்தவன் என்பதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

நம் நாட்டில் இந்த அநியாயம் இன்னும் ஆழமாகவே வேரோடியிருக்கிறது. இங்கே ஏட்டை ஒரு குலத்துக்கும் உளியை ஒரு குலத்துக்கும் பிரித்துக் கொடுத்து, நடுவில் சுவரும் எழுப்பிவிட்டோம். பாதிரியார் ஒருவர் தச்சர் மகனுக்குச் சொற்பொழிவுப் பிரதி இரவல் கொடுத்தார் அல்லவா? அப்படி இரவல் கொடுப்பார் இல்லாமல் நம் ஊர்களில் எத்தனை ஹாரிசன்கள் கட்டிலும் கதவும் இழைத்துவிட்டுப் போனார்களோ, யார் கணக்கு வைத்தார்கள்?

உங்கள் வீட்டுப் பையனோ பெண்ணோ எதையாவது பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால், அதட்டுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் பொறுத்துப் பாருங்கள். கையில் ஒரு புத்தகத்தையும் கொடுத்துவையுங்கள். படித்துக்கொண்டே இருக்கும் பிள்ளையின் கையில் ஒரு திருப்புளியைக் கொடுங்கள். பந்தலில் நடக்கும் வழக்கு அது பாட்டுக்கு நடந்துகொண்டிருக்கட்டும்.